நன்றி நோட்டும் பசுந்தேயிலை விலையும்

ஒரு நோட்டு வாங்க வேண்டும். ராத்திரி படுப்பதற்கு முன் அன்றைக்கு நடந்த மூன்று நல்ல விஷயங்களை அதில் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று பக்கத்தில் ஒரு வரி. ஒரு வாரம் விடாமல் எழுதினால் மனசு லேசாகும்.

மனச்சோர்வு என்று பேச்செடுத்தாலே இன்று முதலில் வந்து விழும் யோசனை இதுதான். வாட்ஸப்பில் வருகிறது. யூடியூபில் வருகிறது. கம்பெனிகள் ஊழியர்களுக்கு நடத்தும் பயிலரங்குகளில் வருகிறது. மலைப்பிரதேச ரிசார்ட்டுகளின் இரண்டு நாள் 'மனநல முகாம்'களிலும் வருகிறது. முகாமுக்கு வந்தவர்கள் காலையில் பனி மூடிய தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி மூச்சுப் பயிற்சி செய்வார்கள். அதே தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு மனச்சோர்வு வந்தால் என்ன வழி? அந்தக் கேள்வி முகாமின் நிகழ்ச்சி நிரலில் இருக்காது. யாராவது கேட்டாலும் அதே நோட்டைத்தான் நீட்டுவார்கள்.

நேர்மறை உளவியல் பொய் இல்லை. ஆனால் வைத்தியத்தோடு சேர வேண்டிய ஒரு துணைப்பொருளை, வைத்தியமே அதுதான் என்று விற்பது பொய். நீலகிரி மாதிரி ஒரு மாவட்டத்தில் அந்தப் பொய்க்குக் கொடுக்கும் விலை ரொம்ப அதிகம்.

முதலில் ஒரு சொல் தகராறு

தமிழ்ப் பத்திரிகைகளில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் வருவதும் மன அழுத்தம்தான், மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பதும் மன அழுத்தம்தான். முதலாவது நெருக்கடி. அது தீர்ந்ததும் போய்விடும். இரண்டாவது மனச்சோர்வு. அது நோய். இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய நாள் முழுக்க, மனசு கனத்துக் கிடப்பது, அல்லது எதிலுமே பிடிப்பில்லாமல் போவது. கூடவே தூக்கம், பசி, கவனம், உடம்பின் தெம்பு எல்லாம் குலைவது. தன்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்ற எண்ணம். சிலருக்குச் சாவைப் பற்றிய எண்ணம்.

தோட்டத்துப் பக்கம் இதை யாரும் 'மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "உடம்பெல்லாம் அசதிங்க", "நெஞ்சு படபடன்னு இருக்கு", "தலை பாரமா இருக்கு", "தூக்கமே வரல்ல". இப்படித்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்கிறது. சத்து மாத்திரையோடு திரும்பிப் போகிறது. அந்த அசதிக்கு ரத்தசோகை காரணமாக இருக்கலாம், தைராய்டு குறைவு காரணமாக இருக்கலாம். அதனால் ரத்தப் பரிசோதனை முதலில் வேண்டும். அதுவும் பார்த்து, அதற்கப்பால் என்ன என்று கேட்க ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் நோட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நோட்டுக்கு உரிய மரியாதை

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் அந்த நோட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

மார்ட்டின் செலிக்மன் 1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தார். உளவியல் இத்தனை காலம் நோயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டது, மனிதர்களின் பலங்களையும் மகிழ்ச்சியையும் ஆராய வேண்டும் என்றார். அந்த இயக்கத்துக்கு நேர்மறை உளவியல் என்று பெயர் வந்தது. 2005-ல் அவரும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இணையத்தின் வழியாக 577 பேரைச் சேர்த்து ஆளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். மூன்று நல்ல விஷயங்கள் எழுதுவது ஒன்று. தன்னுடைய தனிப்பலத்தைப் புது விதத்தில் பயன்படுத்துவது இன்னொன்று. நன்றி சொல்ல மறந்த ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் போய்க் கொடுப்பது மற்றொன்று. முதல் இரண்டும் ஆறு மாதம் வரை சோர்வின் அறிகுறிகளைக் குறைத்தன. நன்றிக் கடிதத்தின் பலன் சுமார் ஒரு மாதம் நின்றது.

நல்ல முடிவுதான். ஆனால் அந்த 577 பேர் யார்? மகிழ்ச்சியைக் கூட்டிக்கொள்ள விரும்பி, ஓர் இணையதளத்தைத் தேடி வந்தவர்கள். லேசான சோர்வுள்ளவர்கள். முயன்று பார்க்க ஆர்வமுள்ளவர்கள். மனச்சோர்வு நோயின் முக்கிய அடையாளமே அந்த ஆர்வம் செத்துப்போவதுதான்!

அடுத்த ஆண்டு, 2006-ல், இதே பயிற்சிகளைக் கோத்து 'நேர்மறை உளசிகிச்சை' என்ற ஒன்றை வெளியிட்டார்கள். தீவிர மனச்சோர்வு உள்ளவர்களிடமும் பலன் இருந்தது. ஆனால் அந்தச் சிகிச்சை பெற்றவர்களாகக் கணக்கில் வந்தவர்கள் பதினோரு பேர். அவர்களும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையத்துக்கு வந்தவர்கள். பதினோரு பேரை வைத்துக்கொண்டு மேலும் ஆராயலாம். ஒரு மாவட்டத்துக்கே மருந்து எழுத முடியாது.

பிறகு பெரிய தொகுப்பாய்வுகள் வந்தன. 2013-ல் வந்த ஒன்று 39 ஆய்வுகளையும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் எடுத்துக்கொண்டது. மனச்சோர்வின் மீது பலன் உண்டு, ஆனால் சிறியது என்றது. 2020-ல் வந்த இன்னொன்று நன்றிப் பயிற்சிகளை மட்டும் பார்த்தது. 27 ஆய்வுகள். பலன் மிகவும் கொஞ்சம், மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்க வேண்டுமானால் வேறு சிகிச்சையைப் பாருங்கள் என்பதே அதன் முடிவு. பயிலரங்குகளில் 2005-ம் ஆண்டு ஆய்வைப் பற்றிப் பேசுவார்கள். இந்தப் பின்கதையை யாரும் சொல்வதில்லை.

அது யாருக்குக் கெடுதல்?

"எழுதினால் எழுதட்டுமே, இதில் என்ன கெடுதல்?" என்று கேட்பார்கள். கெடுதல் உண்டு.

கனடாவில் 2009-ல் ஒரு சோதனை நடந்தது. 'நான் அன்புக்குரிய ஆள்' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல அபிப்பிராயம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு முன்னைவிட மோசமாக இருந்தது. யாருக்கு உதவி தேவையோ அவர்களையே அது குத்தியது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று நல்ல விஷயம் எழுது என்று சொன்ன ராத்திரி, ஒன்றுகூட எழுத வராமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள், வீடு இருக்கிறது, கை கால் இருக்கிறது. எல்லாம் இருந்தும் மனசில் ஒன்றும் ஒட்டவில்லை. அவருக்கு அந்த வெற்றுப் பக்கம் ஒரு குற்றப்பத்திரிகை. 'இத்தனை இருந்தும் நன்றியில்லாத ஜென்மம்' என்று நோய் ஏற்கெனவே காதில் ஓதிக்கொண்டிருக்கிறது. அதற்கு இன்னொரு சாட்சியை நோட்டு கொண்டுவந்து நிறுத்துகிறது.

இந்த நாட்டில் பலருக்கு அந்தச் சாட்சி புதிதும் இல்லை. "உனக்கு என்ன குறைச்சல்?" என்பது வீட்டிலேயே கேட்கும் கேள்விதான். அதையே கூலி வாங்கிக்கொண்டு, படம் போட்டு, ஆங்கிலத்தில் சொன்னால் பயிலரங்கு ஆகிவிடுகிறது.

மலையில் மனசு எப்படி உடைகிறது

நீலகிரியில் பல ஆயிரம் குடும்பங்கள் ஓரிரண்டு ஏக்கர் தேயிலையை நம்பி இருப்பவை. படுகர் ஹட்டிகளில் உருளைக்கிழங்கையும் முட்டைகோஸையும் விட்டுத் தேயிலைக்கு மாறியவர்கள் ஏராளம். நீலகிரித் தேயிலையைப் பெரிய அளவில் வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் 1991-ல் உடைந்தது. 1998-ல் ரஷ்யாவில் பண நெருக்கடி. அந்த வருடம் கிலோ பதினைந்து ரூபாயைத் தாண்டி விற்ற பசுந்தேயிலை 2000-ல் ஐந்து ரூபாய்ப் பக்கம் இறங்கியது. மாவட்டம் முழுக்கப் போராட்டம். அரசு 2001-ல் 'ஊட்டி டீ' என்று ரேஷன் கடைகளில் விற்கத் தொடங்கியது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் பிரச்சினை தீரவில்லை. 2023 செப்டம்பரில் கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் மறுபடி உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கேட்டது அதே ஒன்றுதான்: செலவுக்குக் கட்டுப்படியாகிற குறைந்தபட்ச விலை.

தாயகம் திரும்பியவர்களின் கதை வேறு. 1964-ம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு பிரதமர்கள் முடிவு செய்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கிய அரசுத் தோட்டங்கள்தான் பின்னால் டான்டீ ஆயின. அந்த டான்டீயின் நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022-ல் அரசு ஆணை போட்டது. வேலை என்ன ஆகும், லைன் வீடு என்ன ஆகும் என்று கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தொழிலாளர்கள் கலங்கினார்கள். தோட்டத்து வீடு வேலையோடு கட்டுப்பட்டது. ஓய்வு பெற்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் ஒரே நாளில் வேலையும் போகிறது, வீடும் போகிறது, ஊரும் போகிறது.

இவர்கள் எல்லோருக்கும் மனச்சோர்வு வந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் தாங்க முடியாமல் போன ஒருவர் வைத்தியம் தேடி வரும்போது, அவர் வாழ்க்கையில் எதுவெல்லாம் அவர் கையில் இல்லை என்று பார்க்காமல், "உங்கள் பார்வையை மாற்றிக்கொள்ளுங்கள்" என்பது என்ன நியாயம்? இலை விலை குன்னூர் ஏலத்தில் முடிவாகிறது. வீடு நிர்வாகத்தின் கையில். கணவன் கூலியில் பாதி டாஸ்மாக் கடையின் கையில். பார்வை மட்டும்தான் அவள் கையில் என்று சொல்லி, அதிலும் ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பதா?

செலிக்மனே செலிக்மனுக்கு எதிர்சாட்சி

இதில் ஒரு வேடிக்கை. செலிக்மனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் கண்டுபிடிப்பு மகிழ்ச்சி பற்றியது இல்லை, கையாலாகாமை பற்றியது. 1967-ல் அவரும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை அது. மின்அதிர்ச்சியை நிறுத்த வழியே இல்லாமல் இருந்த நாய்களை, பிறகு எளிதாகத் தப்பிக்கக்கூடிய இடத்தில் விட்டாலும் பல நாய்கள் அசையாமல் படுத்துக்கொண்டன. அதே அளவு அதிர்ச்சி வாங்கி, ஆனால் அதைத் தானே நிறுத்த முடிந்த நாய்களுக்கு அப்படி ஆகவில்லை.

ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், இருவரும் தங்கள் கோட்பாட்டையே திருத்தி எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் அடங்கிக் கிடப்பது கற்றுக்கொண்டது இல்லை, அதுதான் மூளையின் இயல்பான பதில். கற்றுக்கொள்ள வேண்டியது 'என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியும்' என்பதைத்தான் என்றார்கள். அதாவது மனசைத் தூக்கி நிறுத்துவது, கையில் கொஞ்சமாவது பிடி கிடைக்கிற அனுபவம். ஆறுதல் வார்த்தையால் அது கிடைப்பதில்லை.

இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டிருந்தால் நேர்மறை உளவியலின் விற்பனையாளர்கள் வேறு மாதிரிப் பேசியிருப்பார்கள்.

கோவாவில் நடந்தது

பிடியைத் திருப்பிக் கொடுக்கும் வைத்தியம் ஒன்று இந்தியாவிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. விக்ரம் பட்டேலும் குழுவினரும் கோவாவின் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தியது. முடிவு 2016 டிசம்பரில் லான்செட் இதழில் வந்தது. கொஞ்சம் கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேர். மனநலத்தில் முன்படிப்பு எதுவும் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக வைத்தார்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புகள். என்ன பேசினார்கள்? எந்த வேலையை எல்லாம் விட்டுவிட்டீர்கள், அதில் எதை இந்த வாரம் சின்ன அளவில் திரும்பத் தொடங்கலாம், எந்தப் பிரச்சினைக்கு யாரைப் போய்ப் பார்க்கலாம், யாரோடு பேசலாம். மூன்று மாதத்தில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் நோயிலிருந்து விடுபட்டார்கள். இந்தச் சந்திப்புகளும் சேர்ந்தவர்களில் 64 சதவீதம்.

இதுவும் நம்பிக்கையை வளர்க்கிற வைத்தியம்தான். நோட்டுக்கு இது தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இரண்டு வித்தியாசம். ஒன்று, இது செயலில் தொடங்குகிறது, உணர்ச்சியில் இல்லை. நன்றியாக உணர் என்று யாரும் கட்டளையிடவில்லை. கோழிக்குத் தீனி வைப்பதை நிறுத்திவிட்டாயா, நாளைக் காலை வைத்துப் பார் என்கிறது. இரண்டு, எதிரில் ஒரு மனிதர் இருக்கிறார். அடுத்த வாரமும் வருகிறார். நிலை மோசமானால் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்.

நீலகிரியில் இதைச் செய்ய முடியாதா? கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு 1990 முதல் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்துக் காட்டியிருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே வாசலில் இன்னும் இரண்டு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? "இரண்டு வாரமா மனசு பாரமா இருக்காக்கா? முன்ன பிடிச்ச காரியத்துல இப்ப நாட்டம் இல்லையா?" ஆமாம் என்றால் அடுத்த கேள்வித்தாள், பிறகு சந்திப்புகள், தேவையானவர்களுக்கு மாத்திரை.

மாத்திரைக்கும் ஒரு வார்த்தை. அது வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை பொறுக்கச் சொல்லவும், குணமானதும் திடீரென்று நிறுத்திவிடாமல் இருக்கச் சொல்லவும் அருகில் ஆள் வேண்டும். கூடலூரிலிருந்து ஊட்டி ஐம்பது கிலோமீட்டர், மலைப்பாதை. ஒரு தடவை போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் மருத்துவம் ஊட்டியோடு நின்றுவிட்டால் பந்தலூர்க்காரிக்குக் கையில் மிஞ்சுவது நோட்டு மட்டும்தான்.

எதிர்வாதங்கள்

"ஒன்றுமே இல்லாததற்கு நோட்டு மேல் இல்லையா?" லேசான வருத்தத்தில் இருப்பவருக்கு மேல்தான். எழுதட்டும். நோயில் இருப்பவருக்கு, நோட்டைக் கொடுத்ததும் கடமை முடிந்தது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வதால், அது ஒன்றுமில்லாததைவிடக் கீழே போய்விடுகிறது.

"அப்படியானால் இலைக்கு நல்ல விலை கிடைத்தால் மனச்சோர்வு ஒழிந்துவிடுமா?" ஒழியாது. வெலிங்டனில் நல்ல ஓய்வூதியம் வாங்குபவருக்கும் இந்த நோய் வரும், எஸ்டேட் மேனேஜருக்கும் வரும். ஆனால் 2020-ல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு விரிவான கட்டுரை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது இது: வறுமை மனச்சோர்வைக் கொண்டுவருகிறது, மனச்சோர்வு வறுமையைக் கொண்டுவருகிறது. பணம் கிடைத்தால் மனநலம் தேறுகிறது, வைத்தியம் கிடைத்தால் வேலை செய்யும் திறன் தேறுகிறது. அதனால் விலையா வைத்தியமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறு. இரண்டும் வேண்டும்.

"நேர்மறை உளவியலையே தூக்கி எறிந்துவிடலாமா?" வேண்டாம். அதற்கு ஓர் இடம் உண்டு. சிகிச்சை தொடங்கி, தூக்கம் திரும்பி, மனசு கொஞ்சம் நிமிர்ந்த பிறகு 'உன் பலம் என்ன' என்ற கேள்விக்கு உயிர் வருகிறது. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊரே கூடும்போது மூத்த பெண்களில் பாட்டெடுத்துக் கொடுப்பவர் ஒருவர் இருப்பார். சுயஉதவிக் குழுவில் கணக்குத் தப்பாமல் எழுதுபவர் ஒருவர் இருப்பார். நோய் அவரை அந்த இடத்திலிருந்து பிடுங்கியிருக்கும். திரும்ப அங்கே கொண்டுபோய் உட்காரவைப்பதுதான் தனிப்பலப் பயிற்சி. அதற்கு நோட்டு வேண்டும் என்பதில்லை, கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும். மூன்று நல்ல விஷயங்களையும் குழுவில் வாய்விட்டுச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது எட்டும்.

ஆக, வரிசைதான் பிரச்சினை. முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகு காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள். தேவைக்கு ஏற்பச் சந்திப்புகளும் மாத்திரையும். கூடவே குடிக்கும் கணவனுக்கு வைத்தியம், நிலுவைக் கூலிக்கு மனு, வீட்டுக்கு ஒரு வழி. இவற்றோடு சேர்த்துக் கடைசியில் நோட்டு. இன்று முதல் நான்கையும் விட்டுவிட்டு ஐந்தாவதை மட்டும் கொடுக்கிறார்கள். காரணம் அது மலிவு. ஒரு நோட்டு இருபது ரூபாய். ஒரு ஆலோசகரின் சம்பளம் அதைவிட அதிகம்.

அடுத்த தடவை யாராவது மேடையேறி, மகிழ்ச்சி உங்கள் கையில்தான் இருக்கிறது என்று சொன்னால் அவரிடம் ஒன்று கேளுங்கள். கூடலூரில் எத்தனை ஆலோசகர்கள் இருக்கிறார்கள் என்று.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது, அல்லது அவர்கள் வீட்டில் யாருக்காவது மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் நோட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 2022 முதல் இயங்கும் டெலிமானஸ் இலவச உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் இருக்கிறார்கள். முதல் தடவை தனியாகப் போவது கஷ்டம். கூடப் போங்கள்.